இடத்தை மட்டும் சொல்லிராதீங்க

மதுரையைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகளை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது என் தொழில். இதற்கென்று சில விதிகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மனதில் இருந்தால் போதாது. விளம்பரம் தருகிறவர் தொகையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது, எழுதாத விதியை மனசு எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளும்.

பணம் சம்பந்தப்பட்ட விதிகளில் பாதியை அரசே போட்டுவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களை ஏமாற்றும் விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இலவசமாகக் கிடைத்த பொருளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதையும் டிஸ்கிரிப்ஷனில் மட்டும் எழுதினால் ஆகாது, வீடியோவுக்குள்ளேயே எழுத்திலும் பேச்சிலும் வரவேண்டும். சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிடுவேன். கடைக்காரர் வாங்க மறுத்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். இதில் யோசிக்க அதிகமில்லை.

இதெல்லாம் பார்க்கிறவர்களுக்கான பாதுகாப்பு. அடுப்படியில் வியர்த்து நிற்கும் அக்காவைப் பற்றி அந்த வழிகாட்டுதலில் ஒரு வரிகூடக் கிடையாது. என் நோட்டில் பெரும்பகுதி அவருக்காகத்தான்.

இட்லிக்கடை என்பது பெரும்பாலும் ஒரு பெண், ஒரு கிரைண்டர், விடியுமுன் ஏற்றிய அடுப்பு. மாவு தீர்ந்தால் கடை முடிந்தது. லோடுமேன்களும் ஆட்டோக்காரர்களும்தான் அன்றாட வாடிக்கை. வீடியோ நன்றாக ஓடிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கார்கள் வந்து நிற்கும். வழக்கமாக வருகிறவருக்கு இட்லி இருக்காது. அதனால் கேமராவை எடுப்பதற்கு முன்பே, கூட்டம் வந்தால் தாங்குமா என்று கேட்டுவிடுகிறேன். ஓர் அக்கா சொன்னார்: “வீடியோ போடுங்க தம்பி, இடத்த மட்டும் சொல்லிராதீங்க. இதுக்கு மேல என்னால மாவாட்ட முடியாது.” இடம் சொல்லாமல் போட்டேன். அந்த வீடியோ அவ்வளவாக ஓடவில்லை. ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்பதும் நோட்டில் இருக்கிறது.

தலைப்பில் விலை போடுவதில்லை. பத்து ரூபாய் என்று ஊருக்கே சொல்லிவிட்டால், எண்ணெய் விலை ஏறும்போது கடைக்காரரால் இரண்டு ரூபாய் கூட்ட முடியாது. வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் சண்டைக்கு நிற்பார்கள். ‘ஏழைப் பாட்டி’, ‘கண்கலங்க வைத்த’ போன்ற சொற்களும் கூடாது. அவர் தொழில் செய்கிறவர். என்னிடம் இரக்கம் கேட்கவில்லை.

நன்கொடை திரட்டுவதும் இல்லை. ஒரு வீடியோவால் நல்லது நடக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டி 2019இல் அப்படித்தான் நாடறிந்தவரானார். பிறகு அவருக்கு வீடும் கிடைத்தது. ஆனால் 2020இல் டெல்லி மாளவியா நகரின் ‘பாபா கா தாபா’ என்ற சாப்பாட்டுக் கடை வீடியோவுக்குப் பின் குவிந்த நன்கொடை போலீஸ் புகார் வரை போனது. பின்னர் கடைக்காரரும் வீடியோ எடுத்தவரும் சமாதானமானார்கள் என்றாலும், அந்தச் சங்கடம் எந்தக் கடைக்காரருக்கும் வரக்கூடாது. உதவ நினைப்பவர் நேரே கடைக்குப் போய்ச் சாப்பிடட்டும்.

படிவத்தில் கையெழுத்து வாங்குவதை நான் சம்மதமாக நினைப்பதில்லை. எடிட் செய்ததை என் போனிலேயே முழுக்கக் காட்டிவிட்டுத்தான் கேட்பேன். தட்டு எடுக்கும் சிறுவனின் முகமோ, அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முகமோ அதில் இருக்காது. பிறகு எப்போது வேண்டாம் என்றாலும் அன்றைக்கே எடுத்துவிடுவேன், காரணம் கேட்பதில்லை.

கடைசியாகச் சேர்த்த விதி குரலைப் பற்றியது. பேச்சை வேறு மொழிக்கு மாற்றித் தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. பார்வையாளர்கள் பெருகுவார்கள், வருமானமும் கூடும். ஆனால் அந்த அக்கா பேசியது மதுரைத் தமிழ். அவர் பேசாத ஹிந்தியை அவர் வாயில் வைப்பதற்கு நான் இன்னும் அனுமதி வாங்கவில்லை. பழைய வீடியோக்களில் இருக்கும் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன்.