தண்டவாளத்தில் ஒன்றும் இல்லை

கொல்லிமலை பஸ் காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பழக்கமில்லாத சனம் வாந்தி எடுக்கும். அதைக் கழுவிவிட அடிவாரத்தில் எங்கள் சக்கிலியத் தெருவுக்குத்தான் ஆள் வரும். வண்டி என்றாலே எனக்கு அந்த வாடைதான் முதலில் ஞாபகம் வரும்.

நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013இல்தான். எங்க வீட்டுக்கு அது முன்னமே வந்துவிட்டது. சின்னம்மா ஒரு ஜங்ஷனில் காண்ட்ராக்ட் கூலியாகத் தண்டவாளம் கழுவினாள். நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிப்பறைக்குப் போகாதீர் என்று பெட்டிக்குள் எழுதியிருக்கும். யார் கேட்டாங்க? வண்டி நகர்ந்ததும் விளக்குமாறும் ரப்பர் குழாயுமாக இறங்குவாள். ராத்திரி குளித்துவிட்டு வந்தும் சோற்றில் கை வைக்க மாட்டாள். கரண்டியில்தான் தின்பாள்.

மலம் அள்ளுவதைத் தடுக்கும் இரண்டாவது சட்டமும் அதே 2013இல்தான் வந்தது. அரசு சொல்லும் கருவியும் கையுறையும் கொடுத்துவிட்டால் அந்த ஆள் மலம் அள்ளுபவர் ஆகமாட்டார் என்று அதற்குள்ளேயே ஒரு விளக்கம் வைத்தார்கள்.

2019இல் ஒரு கூட்டத்துக்காக ஜப்பான் போனேன். முதல் வெளிநாடு. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ஷின்கான்சென். பயணத்துக்கு ஒரு சீட்டு, வேகத்துக்குத் தனியாக ஒரு சீட்டு. இரண்டையும் சேர்த்து கேட்டுக்குள் விட வேண்டுமாம். நான் ஒன்றை மட்டும் விட்டேன், கதவு மூடிக்கொண்டது. பின்னால் வரிசையே நின்றது. யாரும் திட்டவில்லை, ஊர் எது என்றும் கேட்கவில்லை.

பிளாட்பாரத்தில் பெட்டி எண் எழுதிய இடத்தில் நின்றால் கதவு அங்கேயே வந்து திறக்கிறது. 16 பெட்டி. 515 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. வேகம் 285 வரைக்கும் போகுமாம். ஃபூஜி மலை வலது பக்கம் தெரியும் என்று எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். நான் ஏறுவதற்கு முன் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்திருந்தேன். சரளைக்கல் சுத்தமாகக் கிடந்தது. வாடையே இல்லை. 1964இல் இந்த ரயில் ஓடத் தொடங்கியபோதே கழிவை அடியில் தொட்டி வைத்துப் பிடித்துக்கொண்டார்களாம். நம்ம நாட்டில் பயோ டாய்லெட் வந்து சேர அதற்கப்புறம் அரை நூற்றாண்டு ஆனது. அறிவு இல்லாமலா? கழுவ ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அது சொர்க்கமா என்றால் அதுவும் இல்லை. ஒசாகாவில் நானிவா என்ற பகுதிக்கு அழைத்துப் போனார்கள். புராக்கு மக்கள் தோல் பதனிட்டு, பெரிய மேளங்கள் செய்துவந்த இடம். தோலைத் தொட்டுப் பார்த்தேன். எங்க தாத்தா கை மணம். 1871இல் சட்டப்படி இழிவை ஒழித்தார்கள். 1922இல் இவர்களே தங்கள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கப்புறம்கூட, புராக்கு ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்கு ரகசியமாக விற்ற புத்தகம் 1975இல் வெளிப்பட்டது. ஊர்ப்பேரைக் கேட்டு சாதி பிடிக்கிற வேலை! டீக்கடையில் 'எந்தப் பக்கம் தம்பி?' என்பார்களே, அதை அங்கே அச்சுப் போட்டு விற்றிருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் சின்னம்மாவிடம் ரயில் கதையைச் சொன்னேன். வேகத்தையெல்லாம் அவள் காதில் வாங்கவில்லை.

"கக்கூசு எங்க போயி உழுவுது கண்ணு?"

"தொட்டியில சின்னம்மா. ஷெட்டுல குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்துடறாங்க."

"கொழாய யாரு புடிக்கிறது?"

நான் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.