பக்கத்தில் உட்காரட்டும், விடு

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை எட்டிப் பார்க்கவில்லை, புழுக்கம். எதிர்வீட்டுப் பங்காளிச் சண்டை முற்றி, வளவுக்கு நடுவில் குறுக்குச்சுவர் வைத்துவிட்டார்கள். அதை எழுத்தில் வைக்க முடியாது, நேரில் வா, சொல்கிறேன்.

முதலில் உன் மகள் விஷயம். கல்லூரி விழாவில் பெரிய வித்வானோடு அவளும் உட்கார்ந்து வீணை வாசிக்கப் போகிறாளாம், உனக்குத் தூக்கம் போய்விட்டதாம். படிக்கிற பிள்ளையை எதற்கு இப்போதே சபைக்கு இழுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். அடி பைத்தியக்காரி, நீ பிறந்த ஊர் எது? காரைக்குடி என்றால் உலகத்துக்குச் சாப்பாடு ஞாபகம் வரும்; சங்கீதக்காரர்களுக்கு வீணைதான்.

காரைக்குடி சகோதரர்களை நம் அப்பத்தாமார் பேசிக் கேட்டிருப்பாய். பிறந்தது திருக்கோகர்ணம் பக்கம், பேர் வாங்கியது நகரத்தார் ஆதரவில் இங்கே வந்து குடியேறிய பிறகு. அண்ணன் சுப்பராமையர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார். தம்பி சாம்பசிவையர் வழக்கம்போல் மடியில் கிடத்தி. இரண்டு வீணை, ஒரே மீட்டு. 1936இல் அண்ணன் போய்விட்டார். அதன் பிறகு தம்பிக்குப் பக்கத்தில் வீணையோடு உட்கார்ந்தது யார் தெரியுமா? அவர் வீட்டிலேயே தங்கிப் படித்த சின்னப் பெண், ரங்கநாயகி. விடிவதற்கு முன் எழுப்பி விட்டுச் சாதகம். சிரிப்பதற்குக்கூட நேரம் கிடைத்திருக்காது. அந்தக் கெடுபிடி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கண்டிப்பான மனுஷர் அவளைத் தன்னோடு மேடையில் வைத்து வாசித்தார் பார், அதை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். 1952இல் சங்கீத நாடக அகாதமி முதல் தடவையாக விருது கொடுத்தபோது அலாவுதீன் கான், அரியக்குடி வரிசையில் இவரும் இருந்தார். அப்பேர்ப்பட்டவர்.

அது குருகுலம், இது கல்லூரியாச்சே என்பாய். அந்தப் பெண்ணே பின்னாளில் சென்னை அரசு இசைக் கல்லூரியில் பாடம் சொன்ன ரங்கநாயகி ராஜகோபாலன். சாம்பசிவையரும் கடைசிக் காலத்தில் அடையாறு கலாக்ஷேத்ராவில் சொல்லிக் கொடுத்தார். அங்கே அவரிடம் கற்ற ராஜேஸ்வரி பத்மநாபன், சுப்பராமையரின் பேத்தி, பிறகு அதே இடத்தில் ஆசிரியை.

நம் கானாடுகாத்தான் ராஜா வைத்த கல்லூரியையும் மறந்துவிட்டாயா? 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம், கூடவே இசைக் கல்லூரி. இதில் ஒரு வேடிக்கை: சென்னை மியூசிக் அகாதமி மாநாட்டுக்குத் தலைவர் 1932இல் டைகர் வரதாச்சாரியார், 1933இல் பொன்னையா பிள்ளை, 1934இல் சபேச ஐயர். மூன்று பேருமே அங்கே வாத்தியாராக இருந்தவர்கள்! டைகர் குரல் கரகரப்புதான், ஆனால் ராகத்தை எடுத்துவிட்டால் எங்கே கொண்டுபோவார் என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்டவர்களிடம் சங்கீத பூஷணம் படித்து வந்தவர்தான் எஸ். ராமநாதன். அவர் பிறகு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து, மதுரையில் சத்குரு சங்கீத வித்யாலயத்துக்கும் முதல்வராக இருந்தார். அதே வெஸ்லியனில் படித்துவிட்டு, இங்கே வந்து புல்லாங்குழல் விஸ்வநாதனிடம் கற்றுக்கொண்டவர்தான் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’. வெள்ளைக்காரப் பிள்ளையே நம் சபையில் உட்கார்ந்து பாடிவிட்டது, உன் மகளுக்கு என்ன?

இன்னொரு வம்பு. தண்டபாணி தேசிகர் 1942இல் ‘நந்தனார்’ படத்தில் சிதம்பரம் போகத் தவியாய்த் தவித்தாரே, நிஜத்தில் அந்தச் சிதம்பரத்துக்கே இசைத்துறைத் தலைவராகச் சம்பளத்தோடு போய்ச் சேர்ந்தார். அந்த மாணவர்களுக்கு எவ்வளவு கொண்டாட்டமாக இருந்திருக்கும்! எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. செட்டிநாட்டுப் பணம் சிதம்பரம் போயிற்று, செட்டிநாட்டு வீணை அடையாறு போயிற்று. நமக்கு ஊர்ப்பேர் மட்டும் மிச்சம்.

சரி, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் என்ன கிடைக்கும்? வகுப்பில் கீர்த்தனை கிடைக்கும். அதை எங்கே நிறுத்துவது என்பது மேடையில்தான் கிடைக்கும். ஆலாபனை போதும் என்று எப்போது தோன்றுகிறது, மிருதங்கக்காரருக்குக் கண்ணாலேயே எப்படிச் சொல்கிறார், பாதிப் பாட்டில் தந்தி இறங்கினால் வாசிப்பை விடாமல் பிரடையை எப்படித் திருகுகிறார். இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. இரண்டு வீணையின் மீட்டும் ஒன்றாக விழ வேண்டுமென்றால் அவருடைய மூச்சைக்கூட இவள் கவனித்தாக வேண்டும். தப்பு வரத்தான் செய்யும். வந்தால் அவர் மூடிக்கொண்டு போவார். அப்படி மூடத் தெரிந்தவர்தான் வித்வான்.

நீ கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. சில பெரிய மனிதர்கள் பிள்ளைகளை மேடை நிறைய உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் மைக் இருக்காது, இருந்தாலும் சத்தம் வராது. இங்கே ஒரு கச்சேரியில் பார்த்தேன், பின்னால் நாலு பெண்கள் வாயசைத்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு சுரம் காதில் விழவில்லை. பொம்மைக் கொலு கெட்டது போ. அதனால் அவளிடம் கேள்: தனி மைக் உண்டா? தானத்தில் அவளுக்கென்று ஒரு சுற்று விடுவாரா? கூட வைத்து எத்தனை ஒத்திகை? ஒத்திகையே இல்லாமல் நேரே மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மட்டும் நீ சண்டைக்குப் போ, நானும் வருகிறேன்.

அப்புறம் புடவை. பட்டு என்று நீ ஆரம்பித்திருப்பாய். வேண்டாம், வீணை மடியில் வழுக்கும், பிள்ளை அதைப் பிடிப்பாளா, வாசிப்பாளா? நம் கண்டாங்கி கட்டட்டும். பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை, கடைசி வரிசைக்கும் எடுப்பாகத் தெரியும். நானே எடுத்து அனுப்புகிறேன். அரக்கா, மஞ்சளா, சீக்கிரம் எழுது.

உன்,
அழகம்மை