9-ஆம் எண்ணும் என் பல்லும்

போட்டோ எடுக்கும்போது நான் ஏன் வாயை மூடிக்கொள்கிறேன் என்று வகுப்பில் அடிக்கடி கேட்பீர்களே, இதோ பதில்.

1869-ல் மெண்டலீவ் அப்போது தெரிந்திருந்த 63 தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார். குணம் ஒத்தவை ஒரே குடும்பமாகச் சேர்ந்தன. ஃபுளூரினை அன்று யாரும் தனியாகப் பிரித்ததே இல்லை. இருந்தும் அதன் சேர்மங்களை வைத்தே குளோரின், புரோமினோடு இடம் கொடுத்துவிட்டார். 1886-ல்தான் மொய்சான் அதைப் பிரித்தார். அதற்குள் அந்த முயற்சியில் சிலர் உயிரையே விட்டிருந்தார்கள்.

எதோடும் உடனே சேர்ந்துவிடும் தனிமம் இது. அதனால் இயற்கையில் ஃபுளூரைடாகவே கிடைக்கிறது. எங்கள் தர்மபுரிப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை விழும், இன்னும் அதிகமானால் எலும்பும் பாதிக்கும். நான் குடித்து வளர்ந்தது போர் தண்ணீர்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் காவிரி வந்தது. அதற்குப் பிறகு பிறந்த என் தங்கச்சிக்குப் பல் வெள்ளை வெளேர்!

பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த 9-ஆம் கட்டம் இத்தனை வருடமாக என் வாய்க்குள்தான் இருந்திருக்கிறது. அடுத்த போட்டோவில் சிரிக்கிறேன், பாருங்கள்.