யார் சேர்த்த பூ?

அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் பத்துத் தொட்டி ஆர்க்கிட் வளர்க்கிறேன். ஒரு பூவின் மகரந்தத்தைக் குச்சியால் எடுத்து இன்னொன்றில் வைப்பது ஒரு நிமிட வேலை. காய் முற்ற மாதக்கணக்கு ஆகும். விதையோ தூசி மாதிரி. முளைப்பதற்கு வேண்டிய உணவு அதற்குள் இருக்காது. முளைத்துப் பூக்க வருடங்கள் போய்விடும்.

அதனால்தான் சிங்கப்பூரில் பிறந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிமை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கண்ணாடிக் குடுவையில் விதை முளைக்கவைக்கும் முறை வராத காலத்திலேயே வாண்டா ஹூக்கரியானாவையும் வாண்டா டெரெஸையும் சேர்த்து, வாண்டா மிஸ் ஜோக்கிமை உருவாக்கினார்.

நம்மவர் பூமலை என்று சொல்லும் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, 1893இல் லண்டன் தோட்டக்கலை ஏடு ஒன்றில் அந்தப் பூவை வர்ணித்தார். பெற்றோர் செடிகள் எவை என்பதோடு, சேர்த்தவர் இந்த அம்மையார் என்றும் எழுதினார்.

1899இல் அவர் காலமானார். பிற்காலத்தில், அது பூச்சி செய்த வேலை, மூங்கில் புதரருகே அவர் தற்செயலாகக் கண்டெடுத்தார் என்ற கதை பரவியது. 1981இல் அது தேசிய மலரானது. அவரே உருவாக்கியவர் என்று அரசு அமைப்புகள் ஏற்றது 2016இல்தான். அதற்குத் துணைநின்ற சான்றுகளில் ரிட்லியின் அந்த வரியும் ஒன்று.

நீங்களும் பூக்களைச் சேர்த்துப் பார்ப்பவரா? எதோடு எது, யார், எந்தத் தேதி என்று சீட்டில் எழுதித் தொட்டியில் செருகுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.