காத்து பிரிஞ்சுதா?

வயிற்று ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில், காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டார். "காத்து பிரிஞ்சுதா?" என்றுதான் கேட்பார். குடல் அடைப்புக்காக அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரத்தில்தான் இந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது.

மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ். வாய் வழியாக ஒன்றும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "ஒரு மடக்கு தண்ணி குடுய்யா" என்று அம்மா கெஞ்சிக்கொண்டே இருந்தாள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவதைத் தவிர நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. தூக்குவாளியில் கஞ்சியோடு ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு என்மேல் கோபம். "வெறும் வயித்தோட கெடந்தா உடம்பு எப்பிடித் தேறும்?"

வெறும் வயிறு சும்மா கிடப்பதில்லை என்பதை வார்டில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் கேட்டேன். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன். இரைப்பையிலும் குடலிலும் மெல்லிய மின்னலைகள் ஓயாமல் எழுந்துகொண்டிருக்கின்றன. இரைப்பையில் நிமிடத்துக்கு 3, சிறுகுடலின் தொடக்கத்தில் 12, அதன் கடைசிப் பகுதியில் 8 அல்லது 9. தசை அடுக்குகளுக்கு நடுவே பின்னிக் கிடக்கும் கஹால் செல்களே இவற்றை எழுப்புகின்றன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் சான்டியாகோ ரமோன் இ கஹால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவற்றைக் கண்டு எழுதிவிட்டார். குடலுக்குத் தாளம் வைப்பவை அவைதான் என்று எலிகளில் உறுதியாக 1990கள் வரை ஆகிவிட்டது.

ஒவ்வோர் அலையும் அசைவாக மாறிவிடாது. மாறுவதா வேண்டாமா என்பதை நரம்புகளும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. நல்ல உடம்பில், சாப்பிட்டு வெகுநேரமான பின் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை பலமான அசைவு ஒன்று மேலிருந்து கீழாக நகர்ந்து, பந்தி முடிந்த கூடத்தைப் பெருக்குவதுபோல மிச்சம் மீதியைத் தள்ளிக்கொண்டு போகும். மறுபடி சாப்பிட்டதும் அது நின்றுவிடும். 1899இல் லண்டனில் உடலியல் ஆய்வாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும், வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்ட பிறகும் நாயின் குடல், உள்ளே இருந்த பொருளுக்கு மேல்பக்கம் சுருங்கி, கீழ்ப்பக்கம் தளர்ந்து அதை நகர்த்தியதைக் காட்டினார்கள். மூளையின் உத்தரவு இல்லாமலே வேலை தெரிந்த உறுப்பு இது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அப்பேர்ப்பட்ட குடலும் ஆபரேஷனுக்குப் பின் அசைவற்றுப் போகிறது. டாக்டரின் கை பட்டதால் வரும் அழற்சி, வலி, வலியைக் குறைக்கத் தரும் மார்ஃபின் போன்ற மருந்துகள் எல்லாம் சேர்ந்து அதை அடக்கிவிடுகின்றன. பயமும் தன் பங்குக்கு அடக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் வால்டர் கேனன் பூனைகளின் வயிற்றை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை கலவரப்பட்டதும் அசைவு நின்றுபோனதைக் கண்டார். இரவெல்லாம் என் கையை விடாமல் பிடித்திருந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

பொதுவாக முதலில் விழிப்பது சிறுகுடல், பெரும்பாலும் ஒரு நாளுக்குள். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். பெருங்குடலுக்கு 2, 3 நாள். காற்று பிரிந்தால், கடைசியாக விழிக்கும் பெருங்குடலும் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் அந்தக் கேள்வி.

சிஸ்டர் தினமும் வந்து, "ஆச்சி, காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். தனியாக இருக்கும்போது கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் கட்டில் அக்காதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒங்கம்மாவுக்கு ராத்திரியே பிரிஞ்சிருச்சு. பெத்த புள்ள முன்னால எப்பிடிச் சொல்லுறதுன்னு கூச்சப்படுதாக." டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். சாயங்காலம் ஸ்பூனால் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். காலையிலேயே கிடைத்திருக்க வேண்டிய தண்ணீர் அது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படிப் படுத்திருந்தால், கூச்சப்படாமல் அவர்களிடம் கேளுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கினால், அவர்கள் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காற்று பிரிந்ததும் சிஸ்டரிடம் சொல்லுங்கள், நடுராத்திரியாக இருந்தாலும். டாக்டர் சொல்லும்வரை கஞ்சித் தூக்குவாளி வெளியிலேயே இருக்கட்டும்.