பத்து மில்லிமீட்டர் தட்டு

கோவையில் கணபதி, பீளமேடு பக்கமெல்லாம் லேத் பட்டறை இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனாலேயே அங்கே மெக்கானிக்கல் படிக்கிற பையன்களுக்கு ஒரு தெம்பு. எந்தச் சாமானைப் பார்த்தாலும் "இதைப் போய்க் காசு குடுத்து வாங்குவாங்களா, கடைஞ்சுக்கலாம்" என்பார்கள். அப்படிக் கடைந்து வாங்கிய நான்கு அலுமினியத் தட்டுகளின் கதை இது. பையன் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். கார் சித்தப்பாவுடையது, பழைய மாருதி ஸ்விஃப்ட். சித்தப்பா வெளியூரில் வேலையில் இருந்ததால் ஓட்டும் உரிமை பையனுக்கு. மாற்றும் உரிமையும் தனக்குத்தான் என்று அவனே எடுத்துக்கொண்டான்.

முதலில் அவனுக்கு ஸ்பேசர் எண்ணமே இல்லை. யாரோ கழற்றி விற்ற 15 அங்குல அலாய் வீல் நான்கு, மலிவாகக் கிடைத்தன. நான்கு துளை, 100 மி.மீ. வட்டம், ஸ்விஃப்டுக்குச் சரியாகப் பொருந்துகிற கணக்கு. மாட்டிப் பார்த்தால் முன் சக்கரத்தின் உள்விளிம்பு ஷாக் அப்ஸார்பரைத் தொடாத குறை. நடுவில் ஒரு நாணயம்கூட நுழையவில்லை. காரணம் ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டால், ஹப்பில் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். பெரும்பாலும் சக்கரத்தின் பின்புறத்தில் பொறித்திருப்பார்கள். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே 5 மி.மீ. தட்டு வைத்தால் 45 என்பது 40 ஆகிவிடும். வீல் ஸ்பேசர் என்பது இந்தத் தட்டுதான், பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது.

அவனுக்கு வேண்டியது 5 மி.மீ. அதோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு எழுத விஷயம் இருந்திருக்காது. லேத்காரர் "அஞ்சு போட்டா என்ன தெரியப் போவுது தம்பி, பத்து போடுங்க, வண்டி நல்லா அகலமா நிக்கும்" என்றார். அகலமாக நிற்கும் என்ற வார்த்தைக்கு மயங்காத பையன் உண்டா? முன்னால் மட்டும் போதும் என்ற இடத்தில் நாலு சக்கரத்துக்கும், 5 மி.மீ. போதும் என்ற இடத்தில் பத்து. பளபளவென்று இருக்கட்டும் என்று கறுப்புப் பெயின்ட் வேறு, இரண்டு கோட்டு!

இரண்டு நாள் கழித்து அம்மிச்சியைப் பழனிக்குக் கூட்டிப் போனான். உக்கடம் தாண்டி ரோடு அகலமானதும் வேகம் 80-ஐத் தொட்டது, ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தால் நின்றது, கூட்டினால் மறுபடி வந்தது. கிணத்துக்கடவு நெருங்கும்போது நடுக்கத்தோடு 'டக் டக்' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

"ஏன் சாமி, வண்டி இப்படி ஆடுது?"

"ஒண்ணுமில்லீங் அம்மிச்சி, டயர்ல காத்து கம்மியாட்ட இருக்குது."

ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தான். இடது முன் சக்கரத்தில் நான்கு நட்டில் இரண்டு கையால் திருகினாலே சுற்றின. ஸ்பேனரே வேண்டாம், வெறும் விரல். அம்மிச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவன் அப்போது யோசித்த மாதிரி வகுப்பில் என்றைக்குமே யோசித்ததில்லை.

நட்டு ஏன் தளர்ந்தது? இங்கேதான் பலர் தப்பாக நினைக்கிறார்கள். காரின் எடையை அந்த நான்கு ஸ்டட்டுகள் தாங்குகின்றன என்று. இல்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் இழுபடுகிறது, இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டு மாதிரி. அந்த இழுப்பு சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. இரண்டு உலோக முகங்களுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை நழுவாமல் பிடித்து வைப்பது. ஸ்டட் எவ்வளவு நீளும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த மயிரிழை நீட்சியில்தான் மொத்தப் பிடிப்பும் இருக்கிறது. இப்போது நடுவே இரண்டு கோட்டு பெயின்ட் இருக்கிறது, கார் ஓடும்போது அது நசுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் நசுங்கிய அளவும் ஸ்டட் நீண்ட அளவும் ஏறக்குறைய ஒன்று. இழுப்பு போய்விடும், நட்டு ஆடத் தொடங்கும். ஹப்பில் துரு, தட்டின் ஓரத்தில் பிசிறு, துளியூண்டு மண் எதுவானாலும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது மரை. ஸ்விஃப்டின் ஸ்டட் 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.25 மி.மீ. அதாவது நட்டு ஒரு சுற்று சுற்றினால் 1.25 மி.மீ. உள்ளே போகும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கு. பன்னிரண்டை 1.25-ஆல் வகுத்தால் 9.6, ஆகவே பத்து சுற்று. தட்டு இல்லாமல் அவன் எண்ணியபோது பதின்மூன்று சுற்று வந்தது. பத்து மி.மீ. தட்டு எட்டு சுற்றைத் தின்றுவிட்டது. மீதி ஐந்து! இந்தக் கணக்கை அவன் போட்டது தட்டை மாட்டிய பிறகு, கிணத்துக்கடவு டீக்கடை வாசலில். சக்கரத்தை மாட்டும்போது நட்டை வெறும் கையால் சுற்றி எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. எந்த அலாய் வீலைப் போடப் போகிறோமோ அதை வைத்தே எண்ண வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்டட் நுழையும் இடத்தின் கனம் வேறு.

மூன்றாவது, நடுத்துளை. ஸ்விஃப்டின் ஹப் மையத்தில் 54.1 மி.மீ. விட்டமுள்ள ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் அதில்தான் பிசகாமல் உட்கார வேண்டும். லேத்காரர் "எல்லா வண்டிக்கும் ஆவட்டும்" என்று 60 மி.மீ. துளை போட்டிருந்தார். போதாக்குறைக்குப் பத்து மி.மீ. கனம் அந்த விளிம்பையே விழுங்கிவிட்டது. அப்புறம் சக்கரத்தை மையத்தில் நிறுத்த நட்டின் கூம்பு முனையைத் தவிர வேறு ஆள் இல்லை. எண்பதில் வந்த நடுக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டீக்கடை ஓரத்தில் ஜாக்கி போட்டு நான்கு தட்டுகளையும் கழற்றினான். தட்டில்லாமல் அந்த அலாயை முன்னால் போட்டால் ஷாக் அப்ஸார்பரில் உரசும், பின்னால் பிரச்சினை இல்லை. முன்னால் ஒரு பக்கத்துக்கு டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடந்த பழைய சக்கரம் ஒன்று, இன்னொன்றுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் போன் போட்டு, தம்பி பைக்கில் ஒரு பழைய சக்கரத்தைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. பழனி அன்று கிடையாது. அம்மிச்சி அந்த டீக்கடையில் மூன்று டீ குடித்தார்.

மறுநாள் போனது முப்பது வருஷமாக மாருதி பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம். அவர் தட்டைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார். "ஏந்தம்பி, இதுக்குப் பேரு ஸ்பேசரா?" என்றதோடு சரி, திட்டவில்லை. அவர் செய்தது இது. முன் சக்கரங்களுக்கு மட்டும் 5 மி.மீ., நடுத்துளை 54.1, பெயின்ட் இல்லாத தட்டு, கடையில் வாங்கியது. ஐந்து போட்டாலும் நான்கு சுற்று போய் ஒன்பதுதான் மிஞ்சும் என்பதால், பழைய ஸ்டட்டுகளை எடுத்துவிட்டு 10 மி.மீ. நீளமானவற்றைப் பிரஸ்ஸில் அழுத்தினார். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்டட் நீண்டால், தலை மூடிய நட்டு உள்ளே முட்டிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமலே இறுகிவிட்ட மாதிரி ஏமாற்றும். அதனால் தலை திறந்த நட்டு. ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் துருவில்லாமல் தேய்த்தார். மரையில் கிரீஸ் தடவப் போன பையனின் கையைத் தட்டிவிட்டார். கிரீஸ் போட்டால் அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச். அளவு காரின் கையேட்டில் இருக்கும், சிறிய கார்களுக்குப் பொதுவாக 80-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஏர் கன்னால் 'டர்ர்' என்று இறுக்கி அனுப்புகிற கடைகளில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை. பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்தார்கள்.

இன்னும் கனமாக வேண்டும் என்பவர்களுக்குத் தட்டிலேயே தனி ஸ்டட் பதித்த வகை உண்டு, 20 மி.மீ., 25 மி.மீ. என்று. அதில் மரைப் பிரச்சினை தீரும். ஆனால் காரின் பழைய ஸ்டட் தட்டைவிட நீளமாக இருந்தால் அதன் முனை சக்கரத்தில் முட்டும், அதற்குச் சக்கரத்தின் பின்னால் குழி இருக்க வேண்டும். சக்கரம் வெளியே போகப் போகப் பேரிங்குக்குச் சுமை கூடும், குழியில் விழும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். அழகுக்காக இத்தனையும் தேவையா என்பது அவரவர் பாடு. சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ்காரர் கேட்கப்போகும் கேள்வி தனி. போர்ஷே கம்பெனியே சில கார்களுக்கு 5 மி.மீ. தட்டு விற்றிருக்கிறது, நீளமான போல்ட்டுகளோடு சேர்த்து. தயாரித்தவன் கொடுப்பதும் கணபதியில் கடைவதும் ஒன்றல்ல.

அடுத்த வாரம் சித்தப்பா வந்தபோது பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மிச்சியை வச்சுட்டா?" என்று மட்டும் கேட்டார்.

எண்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சை மறுபடி போட்டுப் பார்த்தான். ஒரு நட்டு கால் சுற்றுக்கும் குறைவாக அசைந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தன. பழனிக்குப் போய் வந்தாயிற்று. லேத் தட்டு நான்கும் இப்போது அம்மிச்சி வீட்டுச் சமையலறையில் பானைக்குப் பிரிமணையாக இருக்கின்றன. பத்து மி.மீ. கனம் அதற்குச் சரியாக இருக்கிறதாம்.