கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

போர் எங்கள் பெண்களைக் கையெழுத்துப் போடப் பழக்கியது. முகாம் பதிவு, நிவாரண அட்டை, காணாமற்போனோர் விண்ணப்பம், வீட்டுத்திட்டப் படிவம், நுண்கடன் என்று எத்தனையோ கடதாசிகளில் கையெழுத்திட்டோம். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டால் கிடைக்கப்போவதும் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம். நான் இங்கு எழுத வந்தது அப்படியான இன்னொரு கடதாசியைப் பற்றி. வைத்தியசாலையில் பிள்ளைக்காகத் தாய் கையெழுத்திடும் சம்மதப் பத்திரம் அது.

வன்னியில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் 5 வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு மலத்தோடு இரத்தம் போனது. நோவு இல்லை. மூலம் என்று சொல்லி அயலில் கைமருந்து கொடுத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை, பிள்ளை வெளிறிக்கொண்டு போனாள். ஊர் வைத்தியசாலையில் பார்த்துவிட்டு, குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். தாய்க்குச் சிங்களம் தெரியாது. அதனால் நானும் கூடப் போனேன்.

வாட்டில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். தமிழில் ஒரு வரியும் இல்லை. கையெழுத்தைப் போடும்படியும் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் அங்கு நின்ற ஒருவர் சிங்களத்தில் சொன்னார். தாய் பேனையைத் தொடவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மிஸ், 2009 இல என்ர தம்பியை ஆஸ்பத்திரி எண்டு சொல்லி ஒரு கொட்டிலுக்குள்ள குடுத்தனாங்கள். திருப்பித் தரேல்லை. இப்ப இவளைக் குடுக்கச் சொல்லுகினம். ஆர் செய்யப் போகினம்? படிக்கிற டொக்டர்மார் என்ர பிள்ளையில பழகப் போகினமோ?"

யாழ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, யார் கேள்வி கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அதை நேரில் கண்டது அந்தக் கட்டிலடியில்தான். அந்தத் தாய் கேட்டது அறியாமையால் வந்த கேள்வி என்று சிலர் நினைக்கலாம். ஆனால் உலகத்தின் பெரிய சிறுவர் வைத்தியசாலைகள் இதே கேள்வியை வைத்துத்தான் விதிகள் எழுதியிருக்கின்றன.

நான் வைத்திய நிபுணரைச் சந்திக்கக் கேட்டேன். அவர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்து பேசினார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எண்டொஸ்கோப்பி என்பது நுனியில் வெளிச்சமும் கமெராவும் உள்ள, வளையக்கூடிய குழாய். வாயால் விட்டால் களம், இரைப்பை வரை பார்க்கலாம். பின்வழியால் விட்டால் பெருங்குடலைப் பார்க்கலாம். பெரியவர்களுக்குச் செய்து பழகிய கை பிள்ளைகளுக்கும் போதும் என்று நினைக்கக்கூடாது. சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மென்மையானது. தடித்த குழாயைக் களத்தில் இறக்கினால் அது பக்கத்திலுள்ள மூச்சுக்குழாயை நெரிக்கும். அதனால் 10 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 6 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மெல்லிய குழாய் வேண்டும் என்று 2017 இல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. பிள்ளைகள் அசையாமல் படுக்க மாட்டார்கள் என்பதால் மயக்க மருந்தும் அதற்குரிய வைத்தியரும் தேவை. பிள்ளைகளின் குடல் சுவர் மெல்லியது, வருகின்ற நோய்களும் வேறு.

எனவே பயிற்சியும் வேறாக இருக்கிறது. வட அமெரிக்காவின் சிறுவர் குடல்நோய் வைத்தியர் சங்கம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டியில், பயிலும் வைத்தியர் மேற்பார்வையின் கீழ் மேற்குடலில் 100 தடவையும் பெருங்குடலில் 120 தடவையும் செய்திருக்க வேண்டும் என்கிறது. அதன் பிறகுதான் அவருடைய திறமையை மதிப்பிடவே தொடங்கலாம். எண்ணிக்கை மட்டும் காணாது. நூறு அப்பம் சுட்டவர்கள் எல்லோருடைய அப்பமும் ஒரே மாதிரி வருவதில்லையே. ரொரன்ரோ சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்தவர்கள் முன்னின்று, பயிலுபவர் செய்யும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியாகப் புள்ளியிடும் அட்டவணை ஒன்றை உருவாக்கினார்கள். பிரித்தானியாவில் 1994 இல் தொடங்கிய கூட்டு ஆலோசனைக் குழு இந்தப் பயிற்சியையும் சான்றிதழையும் கவனிக்கிறது. 2022 இல் வட அமெரிக்க, ஐரோப்பிய சங்கங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கான எண்டொஸ்கோப்பிக்கு 49 தராதரங்களையும் 47 குறிகாட்டிகளையும் வெளியிட்டன. வைத்தியர் செய்யும் பெருங்குடல் பரிசோதனைகளில் 100 க்கு 90 ஆவது குடலின் தொடக்கம் வரை போய்ச் சேரவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பாதியில் திரும்பினால் நோய் மறைந்து கிடந்துவிடும். எங்கள் நாட்டில் விசேட வைத்திய நிபுணர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம்தான் பயிற்சியும் சான்றும் வழங்குகிறது. அந்தப் பயிற்சியில் வெளிநாட்டில் கற்கும் காலமும் உண்டு.

பயிலும் வைத்தியர்கள் நோயாளியில் பழகுவது உண்மைதான். அப்படிப் பழகாவிட்டால் நாளைக்கு எங்கள் பிள்ளைகளைப் பார்க்க ஆளிருக்காது. முதலில் பொம்மையிலும் மாதிரிக் கருவியிலும் பழகி, பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்யவேண்டும் என்பதும், கை தடுமாறினால் ஆசிரியர் உடனே வாங்கிச் செய்யவேண்டும் என்பதும்தான் ஒழுங்கு. அந்தப் பிள்ளைக்குத் தானே செய்வதாக வைத்திய நிபுணர் சொன்னார். நான் படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். குடலில் ஓட்டை விழக்கூடிய ஆபத்து அரிது என்றாலும் உண்டு என்ற வரியையும் மறைக்கவில்லை. தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

குடலில் ஒரு சிறு தசை வளர்ச்சி இருந்தது. நோவில்லாமல் இரத்தம் போகும் சின்னப் பிள்ளைகளில் அடிக்கடி காண்பது இதுதானாம். கம்பி வளையத்தால் அதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. இரத்தம் நின்றுவிட்டது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு பரிசோதனை வந்தால் இவற்றைக் கேளுங்கள்: செய்யப்போவது யார், பிள்ளைகளுக்குச் செய்யப் பயிற்சி பெற்றவரா? பயிலுபவர் என்றால் பக்கத்தில் நிற்பது யார்? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? குழாய் பிள்ளையின் அளவுக்கு ஏற்றதா? என்ன ஆபத்து வரலாம், வீட்டுக்கு வந்தபின் எதைக் கண்டால் திரும்பி ஓடிவர வேண்டும்? தமிழில் விளக்கும்படி கேட்கவும் தயங்காதீர்கள். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

ஒரேயொரு இடத்தில் மட்டும் கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பொத்தான் பற்றரியை விழுங்கினால், அல்லது விழுங்கியிருக்கும் என்று சந்தேகப்பட்டாலும், வாந்தி எடுக்கப் பண்ணாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். அது களத்தில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே சதையை எரித்துவிடும். மற்ற நேரங்களில் கேட்டு, விளங்கி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். நல்ல வைத்தியர் அதற்காகக் கோபிக்க மாட்டார்.